கடைசியில் குடித்த குதிரை

ரொம்ப ரொம்ப நாளைக்கு முன்னே, கடல் இப்போது இருக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளிப் படுத்திருந்த காலத்திலே, கோடிக்கரைக்கு வடக்கே முள்ளிமணல் என்று ஓர் ஊர் இருந்ததாம். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் உப்பளம். நடுவிலே சேறு. சேற்றுக்கு அந்தப்புறம் காடு. காடென்றால் வானத்தை மறைக்கிற காடு இல்லை. உடையும் காரையும் தாழையும் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு கிடக்கிற குத்துக்காடு. அந்தக் காட்டிலே குதிரைகள் இருந்தன. கட்டில்லாத குதிரைகள்.

எப்படி வந்தன என்றால், கப்பல் உடைந்து வந்தன என்பார்கள். அரபு தேசத்திலிருந்து ராஜாக்களுக்குக் குதிரை ஏற்றி வந்த கப்பலாம். மனிதர்கள் முங்கிப் போனார்கள், குதிரைகள் நீந்திக் கரையேறின. இல்லை இல்லை, எங்கேயோ ஒரு கோட்டை விழுந்தபோது லாயத்தை அவிழ்த்துவிட்டு ஓடிப்போனார்கள், அவைதான் இவை என்று சொல்கிறவர்களும் உண்டு. எது நிஜமோ. வந்தவை திரும்பிப் போகவில்லை. உப்புத் தரையில் முளைக்கிற உமரிச்செடியைத் தின்று, உயரம் குறைந்து, பிடரி நீண்டு, யாருக்கும் முதுகு கொடுக்காமல் இருந்தன. ஊர்க்காரர்களும் அவற்றைத் தொட்டதில்லை. ‘அதுக பாட்டுக்கு அதுக, நாம பாட்டுக்கு நாம’ என்று இருந்தார்களாம்.

காற்று அடிக்கும். மணல் நடக்கும். அப்படிப்பட்ட ஊர்.

அந்த ஊரிலே தைலம்மை என்று ஒருத்தி. புருஷன் அடைக்கலம் உப்பளத்தில் உப்பு வாருகிறவன். அவளும் உப்புச் சுமப்பாள். வேலை முடிந்தால் காட்டுக்குப் போய் விறகு ஒடிப்பாள். பிறந்த பிள்ளையெல்லாம் மண்ணுக்குப் போக, ஒரே ஒரு மகன் தங்கினான். உத்திராபதி என்று பேர் வைத்து, கண்ணிலே வைத்து வளர்த்தாள். அவன் மீசை அரும்புகிற வயதுக்கு வந்துவிட்டான்.

உப்பளம் கோட்டைக்குச் சொந்தம். எந்தக் கோட்டை, எந்த ராஜா என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மேற்கே தூரத்தில் ஒரு கோட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். விளைகிற உப்பில் ஒரு கல்லைக்கூட வாருகிறவன் தன் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. உதட்டிலே வியர்வை உப்பு, உலையிலே உப்பில்லை. அப்படி ஒரு சட்டம்.

ஒரு வருஷம் பங்குனியில் மீன் கொட்டு கொட்டென்று கொட்டியதாம். கரையெல்லாம் வெள்ளி. கருவாடு போட உப்பில்லாமல் மீன்காரப் பெண்கள் அழுதார்கள். அழுகிற கண்ணுக்கு முன்னால் மீன் அழுகியது. உத்திராபதிக்கு மனசு பொறுக்கவில்லை. பாத்தியின் ஓரத்தில் காலடியில் மிதிபட்டுக் கிடந்த உப்பைக் கூட்டி, ஒரு கூடையில் வாரிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். காவல்காரன் பார்த்துவிட்டான். கையைப் பின்னால் கட்டி மேற்கே கொண்டுபோனார்கள். உயிர் இருக்கிறவரைக்கும் கோட்டைக்குக் கல் சுமக்க வேண்டும் என்று தீர்ப்பு.

தைலம்மை அழுதாள். அழுதால் யார் கேட்பது? காற்று அடித்தது. மணல் நடந்தது.

சித்திரை பிறந்து வெயில் ஏறுகிற நேரத்தில், தமுக்குக்காரன் ஒருவன் சேற்றைத் தாண்டி வந்தானாம். டம் டம் டம்.

“கேட்டுக்கோ, கேட்டுக்கோ! கோட்டை ராஜாவோட நெடுவோட்டம்! கடல்ல காலை நனைச்சுப் பொறப்படணும். கோட்டை வாசல்ல வந்து நிக்கணும். நடுவழியில குதிரை மாத்தக் கூடாது. வந்து நிக்கிற குதிரைக்கு முன்னால புல்லுக்கட்டு போடுவோம். தின்னா ஜெயிச்சுது. தின்னாம தலையத் தொங்கப் போட்டா, முதல்ல வந்தாலும் தோத்துது. ஜெயிச்சவன் வாயத் தொறந்து ஒண்ணு கேக்கலாம். ராஜா இல்லேங்க மாட்டாரு!”

ஏன் அப்படி ஓர் ஓட்டம் என்றால், ராஜாவின் ஓலை கொண்டுபோகிற குதிரைகள் வழியிலே விழுந்து விழுந்து செத்தனவாம். லாயத் தலைவர் சொன்னாராம், “மகாராஜா, வேகமான குதிரை நம்மகிட்ட வேணுங்கிற மட்டும் இருக்கு. தெம்பு தீராத குதிரைதான் இல்லை. வெயில்ல ஓடவிட்டுப் பாப்போம்.”

ஊரெல்லாம் கேட்டது. தைலம்மை காதில் மட்டும் ஒரு சொல்தான் விழுந்தது. ஒண்ணு கேக்கலாம். தலையிலிருந்த விறகுக்கட்டைக் கீழே போட்டுவிட்டு, நாட்டாண்மை வைரவன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

“மாமா, என் வீட்டாளு ஓடுவாரு. ஊரு ஒரு குதிரை புடிச்சுக் குடுக்கணும்.”

வைரவன் பல் விளக்கிக்கொண்டிருந்த வேப்பங்குச்சியைத் துப்பினார். “அடைக்கலம் எப்ப புள்ள குதிரை ஏறுனான்? அவன் ஏறுனதெல்லாம் உப்பு மூட்டக் கழுதை.”

“கழுதை ஏறுனவருக்குக் குதிரை ஏற வராதா?”

“கழுதை ஒதைச்சா பல்லு போவும். குதிரை ஒதைச்சா ஆளே போயிடுவான்.”

“என் புள்ள போயிட்டானே மாமா” என்றாளாம் தைலம்மை.

அதற்குப் பிறகு வைரவன் ஊரைக் கூட்டினார்.

எந்தக் குதிரை? இளவட்டங்கள் எல்லாம் ஒரே குரலில் செவலையைச் சொன்னார்கள். செவலை என்பது கூட்டத்து ஆண் குதிரை. உயரம், பளபளப்பு, வாலைத் தூக்கினால் கொடி பறக்கிற மாதிரி. வைரவன் சிரித்தார்.

“மாப்பிள்ளையாடா பாக்குறீங்க, மூக்கும் முழியும் பாத்து எடுக்க? நெடுந்தூரம் ஓடணும். நம்ம கணக்குப்படி எடுப்போம்.”

அந்த ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. பஞ்சத்தில் பழகிய ஊர் அல்லவா. தூரக் கடலுக்குப் போகிற தோணிக்கு ஆள் எடுக்கும்போது, வந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துக் கஞ்சி ஊற்றுவார்களாம். ஊற்றின உடனே மடக்கு மடக்கென்று குடிக்கிறவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் குடித்த பிறகு கடைசியில் கை நனைக்கிறான் பாருங்கள், அவனைத் தோணியில் ஏற்றுவார்கள். பசி தாங்குகிறவன் தூரம் தாங்குவான். அதுதான் கணக்கு. அந்தக் கணக்கு அதுவரை பிசகினதே இல்லையாம்.

“எது கடைசியா தண்ணி குடிக்குதோ, அதப் புடிங்க” என்றார் வைரவன்.

கோடையில் காட்டுக்குள் குட்டையெல்லாம் வற்றிவிடும். அப்போது குதிரைகள் கடற்கரை மணல்மேட்டுக்கு வரும். ஊர்ஜனம் காலையிலேயே போய்த் தாழம்புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது. காற்று குதிரைப் பக்கமிருந்து வந்தது. அதனால் மனித வாடை அவற்றுக்குப் போகவில்லை.

முதலில் சாம்பலி வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டைக் குதிரை. தைலம்மை தினமும் விறகுக்குப் போகிறவள் அல்லவா, கூட்டத்திலே அதற்கு மட்டும் பேர் வைத்திருந்தாள். அது மணலில் மூக்கைத் தாழ்த்தி மோந்துகொண்டே நடந்தது. ஓரிடத்தில் நின்றது. முன்னங்காலால் பறிக்கத் தொடங்கியது. பறித்தது, மோந்தது, பறித்தது, மோந்தது. ஓரளவுக்கு வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டது. குழியின் அடியில் தண்ணீர் கசிந்து கண் திறந்தது. உடனே சாம்பலி ஒதுங்கி நின்றது.

செவலை எல்லாரையும் முட்டித் தள்ளிக்கொண்டு வந்து முதலில் வாயை வைத்தது.

பக்கத்து வீட்டு மூக்காயி தைலம்மை காதில் சொன்னாளாம், “பாத்தியாடி, எங்க வீட்டு மனுசன் மாதிரியே. மொதப் பந்தி.” தாழைக்குப் பின்னால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

செவலைக்குப் பிறகு குட்டிகள். குட்டிகளுக்குப் பிறகு கிழடுகள். பிறகு மற்றவை. நடுநடுவே மணல் சரிந்து குழி மூடும். சாம்பலி வந்து காலால் பறித்துவிட்டு மறுபடி ஒதுங்கும். அதன் சொந்தக் குட்டி, நெற்றியில் வெள்ளை விழுந்த சின்னது, இரண்டு தரம் குடித்தது. எல்லாம் முடிந்து, கலங்கிக் கிடந்த அடித் தண்ணீரைச் சாம்பலி கடைசியில் குடித்தது.

“முடிஞ்சுது. சாம்பலிதான்” என்றார் வைரவன்.

எல்லோரும் பார்த்தார்கள். தோண்டினதையும் பார்த்தார்கள், கடைசியில் குடித்ததையும் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்து யாரும் பார்க்கவில்லை. தைலம்மைக்கு மட்டும் நெஞ்சில் ஒரு முள் நெருடியது.

“மாமா, இத நாம எடுத்துக்கிட்டா, அதுகளுக்கு யாரு தோண்டுவா?”

“ஏன், மத்ததுக்கெல்லாம் காலு இல்லியா? ஆளுக்கு நாலு இருக்கு.”

“இதுதான் தோண்டுது. வேற ஒண்ணு தோண்டி நான் கண்டதில்ல.”

“இது இருக்கிறப்ப வேற எது தோண்டும்? ஒரு வீட்டுல தாயி போயிட்டா, அடுப்பு என்ன அணைஞ்சா போவுது? மூத்த மவ பத்தவைக்கிறா. கொஞ்ச நாளு. பொறவு திரும்பி வந்துடப் போவுது.” வைரவன் குரலைத் தாழ்த்திச் சொன்னார், “நீதான் பெத்தவ. வேணாம்னா சொல்லு, செவலையப் புடிப்போம். அது பாதி வழியில விழும். உம் மவன் கல்லு சுமப்பான். நீ சொல்லு.”

தைலம்மைக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம் இருந்தது. தன் வீட்டை நினைத்துப் பார்த்தாள். அவளுடைய தாய் பிரசவத்தில் போனபோது, மறுநாள் காலையில் அவள்தானே அடுப்பை மூட்டினாள்? அப்போது அவள் பானையை எட்டிப் பிடிக்கக்கூட உயரமில்லை. மனுஷப் பிள்ளை செய்ததைக் குதிரைப் பிள்ளை செய்யாதா?

“சாம்பலியவே புடிங்க” என்றாள்.

பிடித்தார்கள். எப்படிப் பிடித்தார்கள்? ஆண்கள் கூச்சல் போட்டு மடக்கிச் சேற்றுக்குள் விரட்டினார்கள். பனைநார்க் கயிற்றைக் கழுத்தில் வீசினார்கள். அடைக்கலம் சேற்றுக்குள்ளேயே அதன் முதுகில் ஏறினான். கெட்டித் தரையில் ஏறினால் தூக்கி எறிந்துவிடும். சேற்றில் துள்ளத் துள்ளக் கால்தான் புதையும். துள்ளித் துள்ளி ஓய்ந்து, கடைசியில் மூச்சிரைக்க நின்றது. வெள்ளை நெற்றிக் குட்டி கரையில் முன்னும் பின்னும் ஓடிக் கனைத்துக்கொண்டே இருந்ததாம். அந்தக் கனைப்பைக் கேட்டுச் சாம்பலியின் காது மட்டும் திரும்பித் திரும்பி வந்தது. உடம்பு அசையவில்லை.

வாசலில் கட்டினார்கள். தைலம்மை உமரியும் புல்லும் கொண்டுவந்து போட்டாள். பானையில் தண்ணீர் வைத்தாள். முதலில் அது பானையைத் தொடவில்லை. வாசல் மண்ணை மோந்து காலால் பறித்தது. தைலம்மை தரையிலே ஒரு பள்ளம் வெட்டி, அதில் தண்ணீரை ஊற்றிக் காட்டிய பிறகுதான் குடித்தது. நாளாக நாளாக அவள் கையிலிருந்து தின்றது. அடைக்கலம் முதுகில் இருந்தால் நடந்தது. பிறகு ஓடியது. அதன் ஓட்டம் செவலையின் ஓட்டம் மாதிரி இல்லை, கொடி பறக்கவில்லை. ஆனால் புறப்படும்போது எப்படி ஓடியதோ, திரும்பி வரும்போதும் அப்படியே ஓடியது. அந்த நாட்களில் கோடை மழை ஒன்று பெய்து காட்டுக் குட்டைகளில் தண்ணீர் நின்றதால், கூட்டம் மணல்மேட்டுக்கு வரவில்லை.

ஓட்டத்துக்குப் புறப்படுகிற அன்றைக்குத் தைலம்மை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாளாம்:

“ஆத்தா, கொஞ்ச நாளுதான். எம் புள்ளையக் கொண்டாந்து எங்கிட்ட விட்டுட்டு, நீ உம் புள்ளகிட்ட போயிடு. இது சத்தியம்.”

அடைக்கலம் கடலில் அதன் காலை நனைத்தான். மேற்கே திரும்பினான். போனான்.

காற்று அடித்தது. மணல் நடந்தது.

மறுநாள் தைலம்மை விறகுக்குப் போகிற சாக்கில் மணல்மேட்டுக்குப் போனாள். குட்டைகள் மறுபடி வற்றி, குதிரைகள் வந்திருந்தன. பழைய குழி இருந்த இடத்தைச் சுற்றி நின்றன. குழி மூடிப்போயிருந்தது. நின்றன, நின்றன, அவ்வளவுதான். ‘இன்னும் தாகம் முத்தல, முத்துனா தோண்டும்’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்துவிட்டாள். அடுத்த நாள் போனாள். அதே இடத்தில் நின்றன. எல்லாத் தலையும் சேற்றுப் பாதைப் பக்கம் பார்த்திருந்தன. சாம்பலி போன பாதை. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவை தோண்டத் தெரியாமல் மட்டும் நிற்கவில்லை. காத்துக்கொண்டு நின்றன.

வெள்ளை நெற்றிக் குட்டி காலால் இரண்டு தரம் கீறியது. தாய் கீறுவதைப் பார்த்த பிள்ளை அல்லவா. ஆனால் எங்கே கீறுவதென்று அதற்குத் தெரியவில்லை. சும்மா காய்ந்த மேட்டில் கீறிவிட்டு விட்டுவிட்டது.

தைலம்மை ஊருக்கு ஓடினாள். பெண்கள் பானை பானையாகத் தண்ணீர் சுமந்துபோய் வைத்தார்கள். பானையைக் கண்டு குதிரைகள் மிரண்டு காட்டுக்குள் ஓடின. பானைத் தண்ணீரைக் காக்கை குடித்தது.

அடுத்து அவளே மணலில் மண்டியிட்டுக் கையால் தோண்டினாள். நகம் பிய்ந்தது. தண்ணீர் கசிந்தது. போதாது, கூட்டம் பெரிசு, போதாது போதாது என்று இன்னும் தோண்டினாள். முழங்கை மறையத் தோண்டினாள். தண்ணீர் மளமளவென்று வந்தது. வந்ததைப் பார்த்ததும் பெற்றவள் மனசு பூரித்துப் போயிற்று. எட்டப் போய்த் தாழைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். குதிரைகள் கிட்டே வந்தன. அவள் முகம் தெரிந்ததும் நின்றுவிட்டன. இவள் பார்க்கிற வரைக்கும் அவை குடிக்காது. அதனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் போனாள். குழியைச் சுற்றிக் குளம்படி. குடித்திருந்தன. ‘குடிச்சிட்டீங்களா என் கண்ணுகளா’ என்று குனிந்து, குழியில் மிச்சமிருந்ததை ஒரு கை அள்ளி வாயில் வைத்தாள்.

கரித்தது.

அந்த மணலுக்குக் கீழே மேலாக இருப்பது மழைத் தண்ணீர். அதற்கும் கீழே கடல். மேல் தண்ணீரைத் தாண்டித் தோண்டினால் கடல் வந்துவிடும். சாம்பலி மோந்து மோந்து தோண்டினது அதற்குத்தான். ஓரளவில் நிறுத்தினதும் அதற்குத்தான். தைலம்மை ஆசையில் தோண்டினாள். தாகத்தில் நின்ற வாயில்லா ஜீவன்கள் உப்புத் தண்ணீரை வயிறு முட்டக் குடித்துவிட்டன.

மேட்டுக்கு அந்தப்புறம் கிடந்தன. கிழடுகள் முதலில். பிறகு குட்டிகள். செவலை கூடக் கிடந்தது. அதன் வால் மட்டும் காற்றில் ஆடியது.

வைரவன் வந்து பார்த்தார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். “கணக்கு சரியாத்தானே போட்டோம்?” என்றாராம், யாரையோ கேட்பது போல.

“கணக்கு சரிதான் மாமா” என்றாள் தைலம்மை. “அது கடைசியில குடிச்சுது. ஏன் கடைசியில குடிச்சுதுன்னு மட்டும் நாம கேக்கல.”

எஞ்சியவை கொஞ்சம் இருந்தன. வெள்ளை நெற்றிக் குட்டி இருந்தது. தைலம்மை கையில் குதிரைச் சாணத்தைத் தேய்த்துக்கொண்டாள், மனித வாடை போகட்டும் என்று. தோண்டினாள். ஒவ்வொரு பிடி மணலுக்கும் நின்று, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். கரிப்பு தட்டுவதற்கு முன்னால் நிறுத்தினாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மாலையில் வந்தாள். மூடின குழியை மறுபடி தோண்டினாள். உப்பளத்து வேலைக்குப் போகவில்லை. உலை வைக்கவில்லை. சாம்பலி வருகிற வரைக்கும், சாம்பலி வருகிற வரைக்கும் என்று சொல்லிக்கொண்டே தோண்டினாளாம்.

ஒரு நாள் மூக்காயி மேட்டுக்கு ஓடிவந்தாள். “அடியே தைலம்மை! உம் மவன் வாரான்டி! அப்பனும் மவனும் சேத்துப் பாதையில வாராங்க!”

தைலம்மை மணல் ஒட்டின கையோடு ஓடினாள். சேற்றுப் பாதையில் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். மகன் இளைத்திருந்தான். தோளில் கல் சுமந்த காய்ப்பு. அவனைக் கட்டிக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், தலையைத் தடவினாள், காய்ப்பைத் தடவினாள். பிறகு அவன் தோளுக்கு மேலாகப் பாதையைப் பார்த்தாள். பாதை காலியாக இருந்தது.

“சாம்பலி எங்க?”

அடைக்கலம் அங்கேயே பாதையில் உட்கார்ந்துவிட்டான்.

“ஜெயிச்சுடுச்சு புள்ள அது” என்றான். “ராஜா வீட்டுக் குதிரைங்க எங்களுக்கு முன்னாடியே போயி நின்னுச்சு. வாயெல்லாம் நுரை. புல்லுக்கட்டப் போட்டா ஒண்ணு மோந்துகூடப் பாக்கல. ஒண்ணு நின்ன எடத்துலயே படுத்துடுச்சு. நம்ம சாம்பலி பின்னால வந்துச்சு. வந்து நின்னு மூச்சு விட்டுது. புல்லுக்கட்ட இழுத்துத் தின்னுச்சு. லாயத் தலைவரு அதோட நெஞ்சுல காதை வச்சுக் கேட்டாரு. கேட்டுட்டு அவரு கண்ணு கலங்குது. ‘இதுதான்’ங்கிறாரு. ராஜா, ‘என்னடா வேணும்’னாரு. எம் மவன்னேன். உடனே அவுத்து விடச் சொல்லிட்டாரு.”

“சரி. சாம்பலி?”

“கெளம்புறப்ப கயித்தப் புடிச்சேன். காவல்காரன் கைய அடிச்சான். ஜெயிச்ச குதிரை லாயத்துக்குத்தானாம். அதுக்குத்தான் ஓட்டமே வச்சாங்களாம். நமக்கு யாரு சொன்னா? தமுக்குக்காரன் அத மட்டும் சொல்லல. கால்ல விழுந்தேன் புள்ள. ‘ஒண்ணு கேக்கலாம்னாங்க, ஒண்ணு கேட்டுட்ட, போ’ன்னுட்டாங்க.”

தைலம்மை மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போனாள். கிடந்தவற்றைக் காட்டினாள். நிற்கிறவற்றைக் காட்டினாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, எதையும் கூட்டவில்லை.

உத்திராபதி சொன்னானாம், “ஆத்தா, நான் திரும்பிப் போறேன். என்னை வச்சுக்கிட்டு அத விட்டுடச் சொல்றேன். கல்லுதானே, சுமந்துட்டுப் போறேன்.”

சொன்ன வாயில் பளீரென்று ஓர் அறை விழுந்தது. அவள் அவனை அதுவரை அடித்ததே இல்லையாம். அடித்த கையாலேயே அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு அழுதாள்.

“இப்ப வந்து ராஜா மறுபடி கேட்டாலும் உன்னத்தான்டா கேப்பேன். இத்தனையும் பாத்த பொறவும் உன்னத்தான் கேப்பேன். அதான்டா எனக்குத் தாங்கல.”

காற்று அடித்தது. மணல் நடந்தது.

சாம்பலி என்ன ஆயிற்று? அடுத்த வருஷம் வந்த தமுக்குக்காரன் சொன்னானாம். ராஜாவின் ஓலையைச் சுமந்துகொண்டு எந்தத் தூரமும் போகிறதாம், விழுவதே இல்லையாம். ஆனால் லாயத்துக்குத் திரும்பினால், தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தாலும், மூக்கைத் தாழ்த்திக் கல் தரையை மோந்து, முன்னங்காலால் பறிக்கிறதாம். குளம்பு தேய்ந்து ரத்தம் வருகிறதாம். முன்னங்காலைக் கட்டிப் போட்டிருக்கிறார்களாம். கட்டு அவிழ்த்தால் மறுபடி பறிக்கிறதாம். “பைத்தியக் குதிரை” என்று சொல்லிச் சிரித்தான் தமுக்குக்காரன். முள்ளிமணலில் ஒருவரும் சிரிக்கவில்லை. அவனுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், குடித்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு சாம்பலியைப் பற்றிச் செய்தி வரவில்லை.

தைலம்மை தோண்டினாள். ஒவ்வொரு கோடையும் தோண்டினாள். உத்திராபதி கல்யாணம் செய்து, மருமகள் வந்து, பேரப்பிள்ளைகள் வந்தும் தோண்டினாள். “நான் போறேன், நீ இரு ஆத்தா” என்று மகன் மண்வெட்டியை எடுத்தால் கொடுக்க மாட்டாளாம். “மம்பட்டி ஆழமாப் போயிடும். கைக்குத்தான் நிக்கத் தெரியும்” என்பாளாம். வெள்ளை நெற்றிக் குட்டி வளர்ந்து தாயாயிற்று. அது தோண்டக் கற்றுக்கொண்டதா என்று கேட்பீர்கள். சிலர் கற்றுக்கொண்டது என்கிறார்கள். ஒரு கோடையில் தைலம்மை போனபோது அவளுக்கு முன்பே குழி ஒன்று திறந்து கிடந்ததாம், தொட்டு நாக்கில் வைத்தாளாம், இனித்ததாம். இல்லை, அது அவளே முந்தின நாள் தோண்டி மறந்த குழி, அவளுக்கு அப்போது வயதாகிவிட்டது என்று சொல்கிறவர்களும் உண்டு. எப்படி இருந்தாலும் மறுநாளும் அவள் போனாள். மணல்மேட்டில்தான் அவள் உயிர் போயிற்று, கை குழிக்குள் இருக்க.

அந்த மேட்டுக்குத்தான் தைலம்மை ஊற்று என்று பேர். போய்ப் பார்த்தால் ஊற்று ஒன்றும் இருக்காது. வெறும் மணல். கோயில் இல்லை, கல் இல்லை. கல் நட்டால் காற்று மூடிவிடும். ஆனால் அன்றிலிருந்து முள்ளிமணலில் யாரும் ஒரு குதிரை மேல் கயிறு வீசியதில்லை. தோணிக்கு ஆள் எடுக்கக் கஞ்சி ஊற்றிப் பார்க்கிற வழக்கத்தையும் விட்டுவிட்டார்கள். பந்தியில் ஒருத்தி எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் நின்றால், ‘ஏன் நிக்கிறே’ என்று கேட்டு, கையைப் பிடித்து முன்னால் உட்காரவைப்பார்கள். கேட்காமல் விடுவது அந்த ஊரில் பாவம்.

சித்திரை பிறந்தால், வீட்டுக் குடத்தில் தண்ணீர் எடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பிள்ளை பெற்ற பெண் ஒருத்தி மேட்டுக்குப் போவாள். கையில் சாணம் தேய்த்துக்கொள்வாள். மண்டியிட்டுத் தோண்டுவாள். தொட்டுத் தொட்டு நாக்கில் வைப்பாள். இனிப்பிலேயே நிறுத்துவாள். எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஊருக்கு நடப்பாள்.

முதல் தடவை போகிற பெண்கள், “திரும்பிப் பாக்காட்டி, வந்து குடிச்சுதா இல்லியான்னு எப்படித் தெரியும்?” என்று கேட்பார்களாம். காலையில் போய்க் குளம்படி பார்க்கலாம் என்றால், அதற்குள் மணல் நடந்திருக்கும்.

“தெரியாது” என்பார்கள் மூத்த பெண்கள். “நட.”